நாற்பத்தெட்டில் ஒரு பங்கு

மாதிரிக் கப்பல் என்றதும் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவன உடற்பகுதியின் வளைவும் ஓங்கிய பாய்மரங்களும்தான் என்றாலும், அது மூலக் கப்பலுக்கு உண்மையானதா, வரவேற்பறை அலங்காரப் பொருளா என்பதைக் காட்டிக்கொடுப்பவை கயிறு ஓடும் கப்பி, தளத்திறப்பை மூடும் கிராதி, பீரங்கி, வளையம், கொக்கி முதலிய சின்னஞ்சிறு உறுப்புகளே. இவற்றைக் கடையில் ஆயத்தமாக வாங்கிப் பொருத்தாமல், மூலக் கப்பலின் வரைபடங்களையும் அக்காலக் கட்டுமானக் குறிப்புகளையும் துணைக்கொண்டு, மரத்துண்டு, பித்தளைக் கம்பி, நூல் ஆகியவற்றிலிருந்து ஒவ்வொன்றாகக் கையால் செய்துகொள்ளும் முறையை மேலைநாட்டார் ‘ஸ்கிராட்ச் பில்டிங்’ என்பர். பொறுமையும் கூர்ந்த பார்வையும் இதற்கு வேண்டும் என்பது எவரும் சொல்லக்கூடியது. உண்மையான சிக்கல் பொருளின் இயல்பில் இருக்கிறது. நீள அகலங்களை விரும்பிய அளவுக்குக் குறைத்துவிடலாம். மரத்தின் நார், நூலின் பிசிறு, வண்ணப்பூச்சின் தடிப்பு ஆகியவை அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை.

மாதிரி செய்வோர் மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பலான ‘விக்டரி’யை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். 1759இல் அடிமரம் போடப்பட்டு, 1765இல் சாத்தம் துறையில் நீரில் இறக்கப்பட்டு, 1805இல் டிரஃபால்கர் போரில் நெல்சனின் கொடிக்கப்பலாக நின்ற அது, 1922 முதல் போர்ட்ஸ்மத் நகரின் உலர்துறையில் இருந்துவருகிறது. அதன் கீழ்ப் பீரங்கித் தளத்தின் நீளம் 186 அடி, அதாவது 56.7 மீட்டர். ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று கொள்ளும் 1:48 விகிதத்தில் இந்நீளம் 1.18 மீட்டராகிவிடுகிறது, கப்பலில் ஓர் அங்குலமாக இருந்தது மாதிரியில் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டுகிறது. இந்த விகிதத்தில் மூன்று முறை பூசிய வண்ணம் 0.1 மி.மீ. தடித்தால், உண்மைக் கப்பலில் அது ஏறத்தாழ 5 மி.மீ. தடித்த பூச்சுக்குச் சமம். அத்தனை பூச்சின் அடியில் எந்தச் செதுக்கு வேலையும் மழுங்கிப்போகும். மூலக் கப்பல் ஓக் மரத்தால் ஆனது என்பதற்காக மாதிரியையும் ஓக் மரத்தால் செய்தால், அம்மரத்தில் வெறுங்கண்ணுக்கே தெரியும் 0.3 மி.மீ. நுண்துளைகள், கப்பற்பலகையில் விரல் நுழையும் பள்ளங்களைப் போன்ற தோற்றத்தைத் தந்துவிடும். ஆகவே மூலப்பொருளையே பயன்படுத்துவது பல வேளைகளில் மூலத்துக்கு மாறான தோற்றத்தையே உண்டாக்குகிறது.

இதனால்தான் தேர்ந்த மாதிரியாளர்கள் நார் கண்ணுக்குப் புலப்படாத மரங்களையே நாடுகின்றனர். ஐரோப்பாவில் நெடுங்காலமாகச் சிறந்ததாகக் கருதப்படுவது மஞ்சள் நிறமும் நெருக்கமான இழைவும் கொண்ட பாக்ஸ்வுட். அதற்கு அடுத்தபடியாகப் பேரி மரத்தைச் சொல்வர். இவை கூரிய விளிம்பைத் தாங்குவன. அரை மில்லிமீட்டர்த் துளையிட்டாலும் எளிதில் பிளவுபடாதன. நம் பக்கத்தில் கிடைப்பவற்றுள் மஞ்சள் கடம்பும், கர்நாடகத்திலுள்ள சென்னபட்டணத்து மரப்பொம்மைகளுக்குப் பயன்படும் வெட்பாலையும் சீரான நெருங்கிய இழைவுடையவை என்பதால், இறக்குமதி மரத்துக்கு விலை கொடுக்க இயலாதவர் இவற்றில் கைபழகுவது தக்கது. தேக்கு கப்பல் கட்ட உகந்ததே. அதன் இழைவு தடித்தது என்பதால் நுண்ணுறுப்புகளுக்கு ஏற்றதன்று.

1:48 என்னும் விகிதம் இன்றைய பொழுதுபோக்காளர் கண்டுபிடித்தது அன்று. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டு இங்கிலாந்தில் கடற்படை நிர்வாகத்தின் சார்பில் செய்யப்பட்ட மாதிரிகள் பெரும்பாலும் இவ்விகிதத்தைத்தான் பின்பற்றின. உடற்பகுதியின் கீழ்ப்பாதியில் பலகை அடிக்காமல் விலாச்சட்டங்களை வெளியே தெரியவிட்ட இவை ‘நேவி போர்டு மாதிரிகள்’ எனப் பெயர் பெற்றன. கிரீனிச்சிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்திலும், அமெரிக்காவின் அனாபொலிஸ் கடற்படைக் கல்விக்கழக அருங்காட்சியகத்திலும் இவற்றின் சிறந்த தொகுப்புகள் உள்ளன.

இதற்கு முற்றிலும் வேறான மரபொன்றும் உண்டு. பிரான்சுடன் நடந்த போர்களில் பிடிபட்டு, பீட்டர்பரோ அருகே 1797இல் திறக்கப்பட்ட நார்மன் கிராஸ் முகாமில் அடைக்கப்பட்ட கைதிகள், தங்களுக்கு உணவாகக் கிடைத்த இறைச்சியின் எலும்புகளைச் சேர்த்து, வேகவைத்து, வெளுக்கச் செய்து, மெல்லிய பலகைகளாகச் சீவிக் கப்பல்கள் செய்து, முகாம் வாயிலில் கூடிய சந்தையில் விற்றனர். சில மாதிரிகளில் பின்புறத்திலுள்ள நூலை இழுத்தால் பீரங்கிகள் உள்ளே போய் வெளியே வரும். பிழைப்புக்காகக் கிடைத்த பொருளில் செய்யப்பட்ட இவற்றின் வேலைப்பாடு வியப்புக்குரியது. எனினும் வரைபடம் எதுவும் கையில் இல்லாமல் நினைவைக் கொண்டு செய்தவை ஆதலால் இவற்றின் உறுப்புகள் அளவில் மிகையாகவே அமைந்தன. அழகும் அளவும் ஒன்றையொன்று சார்ந்தவை என்று எண்ணுவோர் இவற்றை ஒருமுறை பார்ப்பது நல்லது.

இருபதாம் நூற்றாண்டில் இத்துறைக்கு அடிப்படை நூலாக அமைந்தது, நெப்பியன் லாங்ரிட்ஜ் என்னும் மருத்துவர் ‘விக்டரி’யை 1:48 விகிதத்தில் கட்டிய பட்டறிவைக்கொண்டு எழுதி 1955இல் வெளிவந்த ‘தி அனாட்டமி ஆஃப் நெல்சன்ஸ் ஷிப்ஸ்’. உறுப்பு ஒவ்வொன்றும் கப்பலில் என்ன பணி செய்தது என்று விளக்கியபின் அதை எவ்வாறு செய்வது என்று கூறும் அந்நூலின் ஒழுங்குமுறை இன்றும் பின்பற்றத் தக்கது. பணி தெரியாமல் வடிவத்தை மட்டும் பார்த்துச் செய்பவர் எங்கேனும் ஓரிடத்தில் தவறிவிடுவார் என்பதைக் கப்பி ஒன்றைக்கொண்டே விளக்கலாம்.

கிணற்றில் நீர் இறைக்கப் பயன்படும் கப்பியும் பாய்க்கப்பலின் கப்பியும் ஒரே தத்துவத்தில் இயங்குபவை. கப்பலில் அது எல்ம் போன்ற மரத்தாலான முட்டைவடிவக் கூடும், லிக்னம் வைட்டே என்னும் மிகக் கடினமான மரத்தாலான உருளையும், நடுவில் ஓர் அச்சும் கொண்டது. கூட்டைச் சுற்றிக் கயிறு கட்டி அதைப் பருமலிலோ தளத்திலோ பிணைப்பர். பருமல் என்பது பாய் தொங்கும் குறுக்குமரம். எந்தக் கயிற்றுக்கு எவ்வளவு பெரிய கப்பி என்பதற்குக் கணக்கு இருந்தது. 1794இல் டேவிட் ஸ்டீல் வெளியிட்ட கயிற்றமைப்பு நூலின்படி, உருளையின் தடிப்பு கயிற்றின் விட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகவும், உருளையின் விட்டம் அத்தடிப்பைப்போல் ஐந்து மடங்காகவும், கூட்டின் நீளம் உருளை இருக்கும் இடைவெளியைப்போல் எட்டு மடங்காகவும் இருக்கவேண்டும். அக்காலத்தில் கயிற்றை விட்டத்தால் குறிப்பதில்லை, சுற்றளவால்தான் குறிப்பார்கள். இதை அறியாமல் பழைய பட்டியலிலுள்ள ‘3 அங்குலக் கயிறு’ என்பதை விட்டமாகக் கொண்டால் மாதிரியின் கயிறுகள் எல்லாம் மூன்று மடங்கு பருத்துவிடும். சுற்றளவு 3 அங்குலமானால் விட்டம் ஏறத்தாழ 1 அங்குலம். ஸ்டீலின் கணக்குப்படி அதற்குரிய கப்பியின் நீளம் 9 அங்குலத்தை ஒட்டி வரும். 1:48இல் அது 5 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு.

இவ்வளவு சிறிய கட்டையை விரலால் பற்றிக்கொண்டு துளையிடவோ இழைக்கவோ முடியாது. எனவே வேலையின் வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்கின்றனர். கப்பியின் அகலமும் தடிப்பும் கொண்ட நீண்ட மரச்சட்டம் ஒன்றை எடுத்து, கட்டுக்கயிறு அமரவேண்டிய பள்ளத்தை நீளவாக்கில் இருபுறமும் உழுது, கப்பிக்குக் கப்பி இடம் குறித்து, ஒவ்வொன்றிலும் உருளையின் மேலும் கீழும் வரவேண்டிய இரு துளைகளை இட்டு, அத்துளைகளுக்கு இடையே உருளையின் வளைவு தெரியுமாறு நுண்ணிய உளியால் கீறி, ஓரங்களை அரத்தால் உருட்டி, எல்லாம் முடிந்த பிறகே கப்பிகளைத் தனித்தனியே அறுத்தெடுப்பர். கடைசி அறுப்பு வரை கைக்குப் பிடிமானமாக இருப்பது அந்தச் சட்டம். அறுத்தெடுத்தவற்றை உட்புறம் உப்புத்தாள் ஒட்டிய சிறு உருளைப் பெட்டியிலிட்டுச் சுழலவிட்டால் எஞ்சிய கூர்முனைகளும் தேய்ந்துவிடும். உருளை உண்மையாகச் சுழலவேண்டும் என்று விரும்புவோர் கூட்டை நான்கு துண்டுகளாகச் செய்து ஒட்டி, உள்ளே தனி உருளை பொருத்துவதும் உண்டு; 1:48இல் அது பெரும்பாலும் செய்தவர் மட்டுமே அறிந்து மகிழும் வேலை.

‘விக்டரி’யின் பாய்களை இயக்க 700க்கு மேற்பட்ட கப்பிகளும் சுமார் 42 கிலோமீட்டர் கயிறும் தேவைப்பட்டன. ஒரே அளவுள்ள கப்பிகள் நூற்றுக்கணக்கில் வேண்டியிருக்கும்போது, ஒவ்வொன்றும் தனித்தனியே நேர்த்தியாக இருப்பதைவிட எல்லாம் ஒன்றுபோல் இருப்பதே முதன்மையானது. வரிசையில் பிசகும் ஒன்றை மனிதக் கண் உடனே கண்டுகொள்ளும். அளவைத் தானாகக் காத்துத்தரும் வழிகாட்டிச் சட்டத்தைப் பட்டறைகளில் ‘ஜிக்’ என்பார்கள். மாதிரியாளரின் நேரத்தில் பெரும்பங்கு உறுப்பைச் செய்வதில் செலவாவதைவிட அதற்குரிய ஜிக்கைச் செய்வதில்தான் செலவாகிறது. உண்மைக் கப்பற்படையும் இதே தேவையால் இதே வழிக்கு வந்தது என்பது குறிப்பிடத்தக்கது: மார்க் பிரனெல் வடிவமைத்து, ஹென்றி மாட்ஸ்லே செய்தளித்த எந்திரங்களைக் கொண்டு போர்ட்ஸ்மத் கப்பித் தொழிற்சாலை 1808இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,30,000 கப்பிகளைச் செய்தது. ஒரே பொருளை ஒன்றுபோல் திரளாகச் செய்யும் எந்திரத் தொழிலின் தொடக்ககால எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாக அத்தொழிற்சாலையைத் தொழில்நுட்ப வரலாற்றாளர் கருதுகின்றனர்.

ஜிக்கின் பயன் மிகத் தெளிவாகப் புலப்படும் இடம் கிராதி. கீழ்த்தளங்களுக்குக் காற்றும் வெளிச்சமும் போகவும், பீரங்கிப்புகை வெளியேறவும் தளத்திறப்புகளின்மேல் போடப்பட்ட மரச்சட்டப் பின்னல் இது. இதன்மேல் மாலுமிகள் வெறுங்காலோடு ஓடவேண்டியிருந்ததால் குதிகால் சிக்காதபடி கண்கள் 3 அங்குலத்துக்கு மேற்படாமல் அமைக்கப்பட்டன. 1:48இல் அது 1.6 மி.மீ.; 1:96இல் 0.8 மி.மீ. ‘கிட்’ எனப்படும் ஆயத்தப் பெட்டிகளுள் சிலவற்றில் எந்த விகிதத்துக்கும் 2 மி.மீ. கண்ணுள்ள ஒரே கிராதியைத் தருகிறார்கள். 1:96 மாதிரியில் அந்தக் கண் 19 செ.மீ. பள்ளத்துக்குச் சமம்; உண்மைக் கப்பலில் அப்படி இருந்தால் நடப்பவரின் கால் முழங்கால்வரை உள்ளே போய்விடும். மாதிரியொன்றின் தரத்தை ஒரே பார்வையில் அறிய விரும்புவோர் முதலில் கிராதியைப் பார்ப்பது இதனாலேயே.

அதைச் செய்யும் முறை எளிய கணக்கு ஒன்றை அடிப்படையாகக் கொண்டது. மெல்லிய பலகை ஒன்றில் நாருக்குக் குறுக்காக, 1.6 மி.மீ. அகலமுள்ள வட்ட ரம்பத்தால் குறைந்த ஆழத்துக்கு ஒரு கீறல் போடுகின்றனர். ரம்பத்திலிருந்து 1.6 மி.மீ. தள்ளி, அதே அகலமுள்ள சிறு முளை ஒன்று மேசையில் பதிக்கப்பட்டிருக்கும். முதற்கீறலை அம்முளையில் அமர்த்தி அடுத்த கீறலை அறுத்தால் இரண்டுக்கும் இடைவெளி தானாகவே சரியாகிவிடும். இரண்டாவதை அமர்த்தி மூன்றாவது, அதைக்கொண்டு நான்காவது எனப் பலகை முழுதும் கோடளக்காமலே முடியும். பிறகு அப்பலகையை நார்வாக்கில் 1.6 மி.மீ. கீற்றுகளாகப் பிளந்தால் ஒவ்வொரு கீற்றும் சீப்பைப்போல் பற்களோடு கிடைக்கும். இவை கப்பலின் குறுக்குவாக்கில் வரவேண்டிய சட்டங்கள். நீளவாக்கில் வரவேண்டிய மெல்லிய பட்டைகளைப் பற்களுக்கு இடையே படியவைத்து, நீர்த்த பசையைத் தூரிகை நுனியால் தொட்டுவிட்டு, காய்ந்தபின் மேற்பரப்பைச் சமமாகத் தேய்த்துவிடுவர். எந்தச் சட்டம் எந்தத் திசையில் போகவேண்டும் என்பதை மாற்றிவிடுவது அடிக்கடி காணப்படும் பிழை. கப்பல் தளம் நீர் வடிவதற்காக நடுவில் சற்று உயர்ந்து ஓரங்களில் தாழ்ந்திருக்கும். அந்த வளைவுக்கேற்பக் கிராதியின் குறுக்குச்சட்டங்களும் வளைந்திருக்கவேண்டும் என்பது மேலும் ஒரு நுட்பம்.

பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் பருங்கயிறுகளை இறுக்குவதற்குக் கப்பிக்குப் பதிலாக உருளையற்ற வட்டக்கட்டைகள் பயன்பட்டன. மூன்று துளைகளுள்ள இக்கட்டைக்கு மாலுமிகள் இட்ட பெயர் ‘டெட்-ஐ’. மேலே ஒன்று பருங்கயிற்றின் நுனியிலும், கீழே ஒன்று இரும்புப் பட்டையால் கப்பலின் பக்கத்திலும் பிணைக்கப்பட, இரண்டுக்கும் இடையே சிறுகயிறு ஆறு புரியாக ஓடி இறுகும். 12 அங்குல வட்டக்கட்டை 1:48இல் 6.3 மி.மீ.; இதைக் கடைசல் எந்திரத்தில் மரத்தண்டாகப் பிடித்து, மூன்று துளைகளையும் நீளவாக்கில் முதலிலேயே இட்டு, வில்லை வில்லையாகச் சீவி எடுப்பர். துளையின் வாயில் கயிறு வளைந்து செல்லும் இடத்தைச் சரித்துவிடவேண்டும். இல்லையேல் உண்மைக் கப்பலில் கயிறு அறுந்துபோகும் இடம் அது. சிறுகயிற்றின் தொடக்க முடிச்சு மேற்கட்டையின் உட்புறம், அதாவது தளத்தைப் பார்த்த பக்கத்தில், இருக்கவேண்டும். மேற்கட்டைகள் எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்பதற்காக, குறித்த இடைவெளிக்கு வளைத்த கம்பித்துண்டு ஒன்றை இரு கட்டைகளின் துளைகளிலும் மாட்டிவைத்துக்கொண்டு பருங்கயிற்றைக் கட்டுவர்.

கயிற்றைப் பொறுத்தவரை, கடையில் கிடைக்கும் தையல்நூல் கயிறுபோல் தோன்றுவதே இல்லை. அதன் முறுக்கு தளர்வானது, பிசிறு மிகுந்தது. அதனால் மாதிரியாளர் மூன்று நூல்களை ஒரு பக்கம் தனித்தனிக் கொக்கிகளிலும் மறுபக்கம் ஒரே கொக்கியிலும் மாட்டி முறுக்கித் தமக்கு வேண்டிய கயிற்றைத் தாமே திரித்துக்கொள்கின்றனர். சாத்தம் கப்பற்கூடத்தில், 350 மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளமுள்ள கூடத்தில் இன்றும் கயிறு திரிப்பது அடிப்படையில் இதே முறையில்தான். சாதாரணக் கயிறு வலமுறுக்கு. அத்தகைய மூன்று கயிறுகளை மீண்டும் இடமாக முறுக்கினால் நங்கூரத்துக்குரிய ஆலாத்து. ‘விக்டரி’யின் ஆலாத்து 24 அங்குலச் சுற்றளவுடையது என்பதால் மாதிரியில் அது 4 மி.மீ. தடிப்பில் முறுக்கின் திசை தெளிவாகத் தெரிய நிற்கும். திசை மாறியிருந்தால் அறிந்தவர் கண்ணுக்குத் தப்பாது. ஒவ்வொரு பாய்மரத்திலும் முதலாவதாக நிற்கும் பருங்கயிறு பாய் உராய்ந்து தேயாமலிருக்க முழு நீளத்துக்கும் மெல்லிய கயிறு சுற்றப்பட்டிருக்கும். மற்றவற்றில் நுனிப்பகுதிகளோடு சரி. லினன் நூலா, பாலியெஸ்டர் நூலா என்ற வாதம் இத்துறையில் ஓயாதது. லினன் இயற்கையான தோற்றம் தரும், ஈரப்பதத்துக்கேற்ப நீண்டு சுருங்கும். பாலியெஸ்டர் அசையாது நிற்கும், பளபளப்பைக் குறைக்கவேண்டும். பிசிறில்லாத பாலியெஸ்டரைத் தேர்வது இன்றைய நிலையில் பொருத்தமாகப் படுகிறது.

உலோக உறுப்புகளுள் அதிக உழைப்பை வாங்குவது பீரங்கி. கீழ்த்தளத்தின் 32 பவுண்டுக் குண்டெறியும் பீரங்கி 9½ அடி நீளமுடையது. மாதிரியில் அது 60 மி.மீ., அதன் வாய் 3.4 மி.மீ. பித்தளைத் தண்டைக் கடைந்து மிகத் திருத்தமான முதற்படி ஒன்றைச் செய்து, சிலிகான் ரப்பரில் அச்செடுத்து, மற்றவற்றை வார்த்துக்கொள்வது வழக்கம். டிரஃபால்கரின்போது ‘விக்டரி’யின் கீழ்த்தளத்தில் மட்டும் இத்தகைய பீரங்கிகள் 30 இருந்தன, ஆயினும் உட்புறம் மூடப்பட்ட மாதிரியில் வெளியே நீட்டிய முன்பாதி மட்டுமே தெரியும் என்பதால், பலர் முன்பாதியை மட்டும் செய்து கட்டையில் செருகிவிடுகின்றனர். அதில் குறை காண ஒன்றுமில்லை. பித்தளைக்குக் கரிய இரும்பின் நிறம் தர வண்ணம் பூசுவதைவிட, வேதிக்கரைசலில் தோய்த்துக் கருக்குவதே மேல். பூச்சின் தடிப்பு இல்லாததால் விளிம்பும் வளையமும் கூர்மை குன்றாமல் நிற்கும்.

எதைச் செய்வது என்பதைப்போலவே எதை விடுவது என்பதும் விகிதத்தைப் பொறுத்த முடிவு. 1:192 அளவில் நுண்மாதிரிகள் செய்து புகழ்பெற்ற டொனால்ட் மெக்நாரி போன்றோரின் விகிதத்தில் 12 அங்குல வட்டக்கட்டை 1.6 மி.மீ.தான், அங்கே துளைகளைவிட நிழலும் நிறமுமே வேலை செய்கின்றன. 1:48இல் பலகைகளைப் பிணைக்கும் மரஆணியின் தலைகூடக் காட்டத்தக்கது: மூங்கில் சிம்பைத் தட்டார் கம்பி இழுக்கும் துளைத்தகட்டின் வழியே படிப்படியாக இழுத்து 0.8 மி.மீ. ஆக்கிச் செருகுவர். அதே ஆணியை 1:96இல் அதே தடிப்பில் போடுபவர் கப்பலுக்கு அம்மை போட்டதுபோல் ஆக்கிவிடுகிறார். முப்பரிமாண அச்சு வந்தபின் எதையும் எந்த அளவிலும் அச்சிட்டுக்கொள்ளலாம் என்ற நிலை வந்திருக்கிறது; விகிதத்துக்குப் பொருந்தாத நுணுக்கங்கள் மிகுந்துபோவதற்கு அதுவும் ஒரு காரணம். அச்சிடப் பயன்படும் பிசின் வகைகளுள் சில ஒளிபட்டு நாளடைவில் நொறுங்கக்கூடியவை என்பதையும் கருதவேண்டும்.

நீடித்து நிற்பதைப் பற்றிய இக்கவலை புதியதன்று. வார்ப்பதற்கு எளிது என்பதால் முற்காலத்தில் பீரங்கி, நங்கூரம் முதலியவற்றை ஈயத்திலோ ஈயம் மிகுந்த கலவையிலோ வார்த்தனர். மரமும் பசையும் மெதுவாக வெளியிடும் அசெட்டிக் அமில ஆவி, மூடிய கண்ணாடிப் பேழைக்குள் தேங்கி, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து ஈயத்தை வெண்பொடியாக அரித்துவிடுகிறது. சில பத்தாண்டுகளில் உறுப்பு உப்பி, உருவிழந்து, உதிர்ந்துபோகிறது. ஓக் மரத்தாலான பேழை இவ்வகையில் மிகவும் தீங்கானது. ஆதலால் இன்று ஈயம் கலவாத வெள்ளீயக் கலவையும் பித்தளையும் விரும்பப்படுகின்றன; பேழையின் அடிப்பலகையில் தூசு வடிகட்டியுடன் காற்றுத்துளைகள் விடுவதும் நல்ல பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது.